இடப்பக்கத்து நட்டு

வாங்க தம்பி, இக்கட்ட நெழலுக்கு வந்துருங்க. நாயி ஒண்ணும் பண்ணாது, சும்மா கத்தும். உங்க காட்டுக்கு எருவுக்கு ஆட்டுப்பட்டி போடறதப் பத்திப் பேசத்தான வந்தீங்க? மருமவ வரட்டும். எந்தக் காட்டுல எப்பப் போடறதுன்னு இப்ப அவதான் சொல்றா. எல்லாமே இப்ப அவதானுங்க. உக்காருங்க.

என்ன, அதையே பாக்கறீங்க? குச்சு தானுங்க. ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்துல காவலுக்குப் படுக்கறதுக்குப் போடுவமே, சின்னக் கூரை, அதுதான். மத்தவங்க குச்சு மண்ணுல இருக்கும், எங்க குச்சு சக்கரத்து மேல இருக்குது. வர்றவங்க போறவங்க அல்லாரும் நின்னு, "இதாரு செஞ்சது?"ன்னு கேக்கறாங்க. நாந்தான் செஞ்சேன். முள்ளுக்குள்ள பூந்து கையெல்லாம் கிழிச்சுக்கிட்டவ நானு. ஊர்ல போயிக் கேட்டுப் பாருங்க, என்ற பேர ஒருத்தஞ் சொல்ல மாட்டான்.

எப்பிடின்னு கேளுங்க.

பட்டின்னா ஒரே எடத்துல இருக்கறதில்ல, உங்குளுக்கே தெரியும். நாலு நாளைக்கு ஒருக்கா வேலிப் படலப் பிரிச்சு அடுத்த எடத்துல கட்டோணும். படலத் தூக்கிரலாம், நானே தூக்கிருவேன். குச்சத் தூக்க நாலு ஆளு வேணும். முந்தியெல்லாம் ஒரு சத்தம் குடுத்தா பக்கத்துத் தோட்டத்துல இருந்து வருவாங்க. இப்ப ஆரு இருக்கறா? அல்லாரும் வெடியால கம்பெனி பஸ் ஏறித் திருப்பூர் போயிர்றாங்க. பொழுதோட வந்து எறங்கறவங்களப் போயி, வந்து குச்சத் தூக்குன்னா தூக்குவாங்களா?

அதனால நானும் எங்க ஊட்டுக்காரரும் கயிறு கட்டி இழுத்தோம். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. "ஈரமா இருக்குது, நாளைக்கு இழுக்கலாம்"னாரு. நாளைக்கு மட்டும் மேல இருந்து ஆளு எறங்கி வருமான்னு கேட்டுப்போட்டு நானு முன்னால கயித்தப் புடிச்சேன், அவரு பின்னால தள்ளுனாரு. வரப்புல வழுக்கி விழுந்துட்டாரு. குச்சு அவரு மேல சாஞ்சுருச்சு. இடுப்பெலும்பு போச்சு. கம்பி வெச்சாங்க, மூணு நாலு மாசம் எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு.

அதுக்கப்பறம் அந்த மனுசன் செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிப் படுத்தவருதான். பேச்சில்ல. கஞ்சி குடுத்தா ரண்டு மடக்குக் குடிச்சுட்டுப் போதும்பாரு. என்ற மவன் தனசேகரு திருப்பூர்ல இருந்து வந்தான். வந்ததும் என்ன சொல்றான்? "ஆட்டையெல்லாம் வித்துரும்மா." என்ற ஆடுங்க, தம்பி. எங்கம்மா ஊட்டுல இருந்து ரண்டு குட்டியப் புடிச்சுக்கிட்டு வந்து நானு பெருக்குனது. அத வித்துப்போட்டு நானு என்ன பண்றது, டிவி பாக்கறதா? "விக்க மாட்டேன்"னேன். "அப்பறம் குச்ச யாரு இழுப்பா?"ன்னான். "சக்கரம் போட்டு நானே இழுக்கறேன் போடா"ன்னு கோவத்துல சொல்லிப்போட்டேன். சொன்னதுக்கப்பறந்தான் ரோசன வந்துது. ஏன், சக்கரம் போட்டா என்ன?

டயர் வண்டி அச்சுல ரண்டு சக்கரந்தான். அதுக்கு மேல குச்ச வெச்சா முன்னாலயும் பின்னாலயும் சாயும். நாலு சக்கரம் வேணும், முன்சக்கரம் ரண்டும் திரும்போணும். அந்த மாதிரி ஒண்ண எங்கியோ பாத்திருக்கறேன்னு மனசுல இருந்துக்கிட்டே இருந்துது. அப்பறம் நெனப்பு வந்துருச்சு. மேட்டுக்கடைக்குத் தெக்கால விசுவநாத முதலாளியோட பழைய பஞ்சுக் கிட்டங்கி இருக்குது. கூரையெல்லாம் போயி மூடிக் கெடக்குது. அது பின்னால ஆடு மேய்ச்சப்ப, சீமைக்கருவேல முள்ளுக்குள்ள ஒரு இரும்புச் சக்கரம் தெரிஞ்சுது.

போயிப் பாத்தா ஒண்ணில்ல, நாலு. பாதி மண்ணுக்குள்ள. முதலாளி இப்பத் தாராவரத்துல இருக்கறாரு. பஸ் ஏறிப் போயி, "ஒரு பழைய வண்டிச் சட்டம் கெடக்குதுங்க, பட்டிக் குச்சுக்கு வேணும்"னு கேட்டனுங்க. "அந்த முள்ள வெட்டிக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போம்மா"ன்னு சொல்லிப்போட்டாரு. நல்ல மனுசன், அன்னைக்கு.

அந்த முள்ள வெட்டறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துது. வெட்ட வெட்டத்தான் வண்டி தெரிய வருது. முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெருசு. ஒவ்வொண்ணுக்கும் இரும்பு ஆரக்கால். முன்னச்சு ஒரு பெரிய வளையத்து மேல உக்காந்து திரும்பற மாதிரி. முன்னால இழுக்கறதுக்கு நீட்டமா ஒரு ஏர்க்கால் இருந்து முறிஞ்ச அடையாளம். பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது சும்மா வண்டி இல்ல. வெள்ளக்காரங் காலத்துச் சாரட்டு. சமீந்தாரு யாராச்சும் ஏறிப் போயிருப்பாங்க.

ஊட்டுக்குப் போனதும் இவருகிட்டச் சொன்னேன். அவரு செவுத்தப் பாத்துக்கிட்டே, "நடுவால ஓட்டை இருக்குதா?"ன்னாரு. என்னத்த ஓட்டை, பூராந் துருப்புடிச்சு ஓட்டையாத்தான் கெடக்குது, நீங்க மருந்தச் சாப்புடுங்கன்னேன். ஒடம்புக்கு முடியாதவங்ககிட்ட இதெல்லாம் பேசி என்ன ஆகப் போகுது?

அடுத்த நாளு பால் சொசைட்டியில அல்லாரும் கையப் பாத்துட்டு, "என்னக்கா இப்பிடிக் கிழிச்சிருக்குது?"ன்னாங்க. சொன்னேன். கிட்டங்கியில வெள்ளக்காரன் சாரட்டு ஒண்ணு கெடக்குது, நாந்தான் கண்டுபுடிச்சேன்னு சொன்னேன். டீக்கடையிலயும் கேட்டாங்க, அங்கயும் சொன்னேன். கேக்கறவங்களுக்குச் சொல்லாம இருக்க முடியுமா?

ஒரு வாரங்கூட ஆவல. முதலாளி போன் பண்றாரு. "அம்மா, அதத் தொடாதீங்க. அது பழைய காலத்துச் சாரட்டாமே. எம் மச்சினன் கோயமுத்தூர்ல ஓட்டல் கட்டறான், வாசல்ல வெக்கறதுக்கு வேணுங்கறான்." ஆருங்க அவருகிட்டப் போயி இதச் சொன்னது? இந்த ஊர்ல ஒருத்தி நல்லா இருந்தாப் பொறுக்காது. முள்ளெல்லாம் வெட்டி முடிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்துட்டு, ஆரோ ஒரு புண்ணியவான் போயி ஓதியிருக்கறான். அது ஆருன்னு இன்னைக்கு வரைக்கும் கண்டுபுடிக்க முடியல.

அன்னைக்கு ஊட்டுல வந்து கத்துன கத்து, பக்கத்து ஊட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. இவரப் பாத்துக்கறதுக்குன்னு வந்து தங்கியிருந்த மருமவ மேகலா அடுப்புக்கிட்ட இருந்து, "அத்தை, போன்ல போட்டா எடுத்தீங்களா?"ன்னா. எடுத்திருந்தேன், அந்த மச்சினன் வந்து தூக்கிட்டுப் போறதுக்குள்ள ஒரு சாச்சியா இருக்கட்டும்னு. குடுத்தேன். அவ வாங்கிக்கிட்டுப் போயி எங்க ஊட்டுக்காரரு கட்டில்ல உக்காந்து, அவரு மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக் காட்டறா. நானு இக்கட்டக் கத்திக்கிட்டு இருக்கறேன், அவ அக்கட்ட மாமனாருக்குப் படங் காட்டறா.

கொஞ்ச நேரங் கழிச்சு வந்து சொல்றா: "அத்தை, அது சாரட்டு இல்லையாம். இஞ்சின் வண்டியாம்."

"என்ன இஞ்சினு?"

"கெணத்துல தண்ணி எறைக்கற ஆயில் இஞ்சின். அப்பல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் கரண்ட் இல்லையே. ஒரே இஞ்சின வண்டியில ஏத்தி, ரண்டு மாடு கட்டி, கெணத்துக்குக் கெணறு வாடகைக்குக் கொண்டு போவாங்களாம். விசுவநாத முதலாளியோட அப்பாதான் வெச்சிருந்தாராம். மாமாதான் மாட்டப் புடிச்சுக்கிட்டு முன்னால போவாராம்."

எனக்கு என்ன தெரியும், தம்பி? அவரு கலியாணத்துக்கு முந்தி இஞ்சின் வேலைக்குப் போனாருன்னு மட்டுந் தெரியும். மாட்டப் புடிச்சாரா இஞ்சினப் புடிச்சாரான்னு சொன்னாத்தான தெரியும்? இத்தன வருசமா வாயத் தொறந்து சொல்லாத மனுசன், மருமவகிட்ட மட்டும் சொல்றாரு.

"சட்டத்துல நடுவால நாலு போல்ட் ஓட்டை இருக்குமாம், இஞ்சின வெச்சு இறுக்கறதுக்கு. அதுல ஒண்ணு ஒடஞ்சிருக்குமாம். வாய்க்கால்ல வண்டி எறங்குனப்ப ஒடஞ்சுதாம்"னா. போயிப் பாத்தா இருக்குது. நாலு ஓட்டை, ஒண்ணு பொளந்து கெடக்குது. சொரண்டிப் பாத்தா உள்ள கறுப்பா எண்ணெய்ப் பிசுக்கு.

அவளே முதலாளிக்குப் போன் பண்ணிச் சொன்னா. அந்த ஓட்டல் மச்சினன் கார்ல வந்து எறங்கி, சட்டத்தத் தொட்டு மோந்து பாத்துட்டு, "டீசல் நாத்தம் அடிக்குது, இதயா வாசல்ல வெக்கறது?"ன்னு கையத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டான். முதலாளி மேகலாகிட்டச் சொல்றாராம், "எங்கப்பாகூட இருந்த நாச்சிமுத்தண்ணனுக்கா வேணும்? அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" பாருங்க. நானு வெயில்ல பஸ் ஏறிப் போயிக் கேட்டேன். அப்ப நானு ஆருமில்ல. எங்க ஊட்டுக்காரரு பேரச் சொன்னதும் ஆச்சு.

சரி, வண்டி கெடச்சுது. அதோட முடிஞ்சுதான்னா, அதுக்கப்பறந்தான் ஆரம்பம்.

சக்கரம் நாலும் சுத்தாது. துரு அப்பிடியே கவ்விப் புடிச்சிருக்குது. சக்கரத்தக் கழட்டி, அச்சச் சொரண்டி, கிரீஸ் வெச்சு மாட்டுனாத்தான் சுத்தும்னு லேத் பட்டறை ஆரோக்கியம் சொன்னான். நல்ல வேலைக்காரன். மோட்டாரு, டிராக்டரு எதக் குடுத்தாலும் பாப்பான். கிட்டங்கிக்கே சாமானத்தோட வந்தான். ஒவ்வொரு அச்சு முனையிலயும் ஒரு பெரிய நட்டு, அதுதான் சக்கரத்தப் புடிச்சுக்கிட்டு இருக்குது. மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வெச்சோம். அடுத்த நாளு, வலப்பக்கத்து ரண்டு நட்டும் சொன்ன பேச்சுக் கேட்டுக் கழண்டு வந்துருச்சு.

இடப்பக்கம் ரண்டும் வரல.

ஸ்பேனர்ல நீளக் குழாய மாட்டி அவன் ஒருக்கா, நானு ஒருக்கா, ரண்டு பேருஞ் சேந்து ஒருக்கா. அசைய மாட்டீங்குது. திருப்பத் திருப்ப இறுகுது. ஒரு ஸ்பேனர் வாயி விரிஞ்சு போச்சு. ஆரோக்கியம் கேஸ் வெச்சுச் சூடு பண்ணுனான். சுத்தியல்ல தட்டுனான். ஒண்ணும் நடக்கல. நானு தெனமும் ஆட்டப் பட்டியில அடச்சுட்டு, அங்க போயித் தள்ளிட்டு, ஊட்டுக்கு வந்து சோறாக்கிட்டு, மறுபடி பட்டிக்கு வரோணும். தோள்பட்டை ரண்டும் கழண்டு தொங்குச்சு.

ஒரு நாளு ஊட்டுக்கு வந்து, "அந்த நட்டு நாசமாப் போக"ன்னு சொம்பக் கீழ போட்டேன். அவரு கட்டில்ல இருந்து, "எந்தப் பக்கம்?"னாரு.

"என்ன எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கத்து நட்டு?"

"எந்தப் பக்கமா இருந்தா என்னங்க? ரண்டு நட்டு வரல, அவ்வளவுதான். நீங்க கஞ்சியக் குடிங்க."

அடுத்த நாளும் அதையே கேக்கறாரு. "எந்தப் பக்கம்?" வலி மாத்தரை சாப்புட்டா சில பேருக்குப் பேச்சுக் கொளறுமாமே, அப்பிடித்தான்னு நெனச்சேன். "மருந்த மாத்தித் தரச் சொல்லி டாக்டரக் கேக்கோணும்"னு மேகலாகிட்டச் சொன்னேன். அவ என்னையே பாத்தா.

கடசியா ஆரோக்கியம் சொல்லிப்போட்டான், "அக்கா, இனி அச்சு முனையோட வெட்டறதத் தவிர வேற வழியில்ல." வெட்டுனா அப்பறம் எப்பிடி மாட்டறதுன்னு கேட்டேன். "வெல்டு வெச்சுப் பாக்கலாம், நிக்குமான்னு சொல்ல முடியாது"ன்னான். நிக்காமப் போச்சுன்னா ஆட்ட விக்கறதுதான். தனசேகரு ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லியிருந்தான், யாவாரியக் கூட்டிக்கிட்டு. நானு அந்தச் சக்கரத்துப் பக்கத்துலயே மண்ணுல உக்காந்துட்டேன். "வெட்டுப்பா"ன்னேன். என்ற வாயாலதான் சொன்னேன்.

அவன் கேஸப் பத்த வெக்கறான், மேகலா ஸ்கூட்டர்ல வந்து எறங்கறா. எறங்கறப்பவே போனக் காதுல வெச்சுக்கிட்டு, "நிறுத்துங்கண்ணா, நிறுத்துங்கண்ணா"ங்கறா. போன ஸ்பீக்கர்ல போட்டா. எங்க ஊட்டுக்காரரு கொரல்.

"ஆரோக்கியம், எந்தப் பக்கத்து நட்டுப்பா வரல?"

"இடப்பக்கங்க. ரண்டும்."

"எக்கட்டத் திருப்பறீங்க?"

"எப்பவும் போலத்தானுங்க."

"அதுதான் வரல. இடப்பக்கம் எதிர்மரை, நேர்மாறாத் திருப்போணும். வண்டி ஓடறப்ப நட்டுத் தானாக் கழண்டு போயிரும்னு அக்கட்ட மட்டும் மரையத் திருப்பிக் கடஞ்சிருக்கும். நீங்க இத்தன நாளா அதக் கழட்டல. முடுக்கிக்கிட்டு இருக்கறீங்க."

ஆரோக்கியம் நெத்தியில கைய வெச்சுக்கிட்டான். சைக்கிள் பெடல்ல இடப்பக்கம் அப்பிடித்தானாம், அவன் எத்தனையோ கழட்டியிருக்கானாம். வண்டிச் சக்கரத்துல அது தோணலையேன்னான். குழாய மறுபடி மாட்டி, எதிர்ப்பக்கமா நாங்க மூணு பேருஞ் சேந்து தொங்குனோம். மொதல்ல ஒண்ணுமில்ல. அப்பறம் கிரீச்சுன்னு ஒரு சத்தம். கால் சுத்து. அரச் சுத்து. அதுக்கு மேல கையாலயே திருப்பலாம் போல வந்துருச்சு.

போன்ல அவரு, "வந்துதா?"ன்னாரு. மேகலா, "வந்துருச்சு மாமா"ன்னு சொல்லிக்கிட்டே அழுவறா. நட்டு வந்ததுக்கு எதுக்கு அழுவோணும்? எனக்குக் கோவம். இத மொதல்லயே சொல்லியிருந்தா என்ற தோளு மிஞ்சியிருக்கும், அந்த ஸ்பேனரு மிஞ்சியிருக்கும். ஊட்டுக்குப் போனதும் கேட்டுட்டேன், "ஏனுங்க, எதிர்மரைன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?" அவரு என்னப் பாத்தாரு. "கேட்டனே"ன்னாரு. கேட்டாராம். நானு சொல்லச் சொன்னா, அவரு கேட்டேங்கறாரு. இப்பிடிப்பட்டவருகூட எப்பிடிக் குடும்பம் நடத்தறது?

இன்னொரு நட்டும் அதே மாதிரிக் கழண்டுருச்சு. அப்பறம் வேலை வேகமா நடந்துது, அதச் சொல்லோணும். அச்சச் சொரண்டி, கிரீஸ் வெச்சு, சக்கரத்த மாட்டுனாங்க. ஏர்க்காலுக்கு ஆரோக்கியம் ஒரு இரும்புக் குழாய வெச்சு, டிராக்டர்ல கட்டி எங்க காட்டுக்குக் கொண்டாந்து விட்டான். கீழ சட்டம், மேல தகரம், சுத்தியும் ஓலை. ஞாயித்துக்கெழம தனசேகரு வந்தான், யாவாரியக் கூட்டிக்கிட்டு வரல. மேகலா என்னமோ போன்ல சொல்லியிருக்கறா. வந்தவன் பேசாமச் சட்டையக் கழட்டி வெச்சுட்டு ஓலை கட்டுனான்.

அன்னைக்கே இழுத்துப் பாத்துரலாம்னு சொன்னேன். மேகலா என்ன பண்ணுனா தெரியுமுங்களா? ஒரு ஆட்டோவக் கூட்டிக்கிட்டு வந்து, அவர அதுல உக்கார வெச்சு, காட்டுக்கே கொண்டு வந்துட்டா. டாக்டர் என்ன சொன்னாரு, இவ என்ன பண்றா? "டாக்டரக் கேட்டுட்டேன் அத்தை, உக்காரலாமாம்"ங்கறா. பிளாஸ்டிக் சேர்ல தலகாணி வெச்சு, வரப்போரத்துல வேப்பமரத்தடியில உக்கார வெச்சா. மனுசன் எளச்சுப் போயி, சேருக்குள்ள பாதிதான் இருந்தாரு. ஆனாத் தலய நிமித்தி வண்டியப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

நானு முன்னால ஏர்க்காலப் புடிச்சேன். தனசேகரும் மேகலாவும் பின்னால தள்ளுனாங்க. மொத அடி எடுத்து வெச்சதும் அது பாட்டுக்கு வந்துது தம்பி, பின்னாலயே வர்ற கன்னுக்குட்டி மாதிரி. பத்துப் பதினஞ்சு அடி போயிருப்போம். நேராப் போயிப் பட்டியோரம் நிறுத்தலாம்னு மனசுல இருந்துது.

"வலக்கையில திருப்பு"ன்னாரு.

திருப்பிட்டேன். எதுக்குன்னு கேக்கல. மூச்சு வாங்குது, வாயத் தொறக்க முடியல, அதனாலதான். கொஞ்ச தூரம் வளஞ்சு போயி நிறுத்துனோம். மேகலா போயி, நானு போக இருந்த எடத்தக் கால்ல மிதிச்சுப் பாத்துட்டு, "அத்தை, இது மூடுன வாய்க்கா, பொதபொதன்னு இருக்குது. சக்கரம் எறங்கியிருக்கும்"னா.

அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"என்னங்க பாக்கறீங்க?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல. சொன்னதும் திருப்பிட்டயேன்னு."

"ஏன், திருப்பக் கூடாதா?"

அவரு சிரிச்சாரு தம்பி. ஒடம்பு குலுங்குனா இடுப்பு வலிக்குதுன்னு கையால புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அந்தப் பக்கம் மேகலா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சிரிக்கறா, தனசேகரு குனிஞ்சு சக்கரத்தப் பாக்கற மாதிரி சிரிக்கறான். அதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்கு இன்னும் வெளங்கல. அன்னைல இருந்து அவரு ஒழுங்காச் சாப்புடறாரு, தெனமும் அந்தச் சேரக் காட்டுக்குக் கொண்டு வரச் சொல்றாரு, அது பரவால்ல. ஆனா அவங்க மூணு பேரும் ஒரு பக்கம், நானு ஒரு பக்கம். இவங்கள வெச்சுக்கிட்டு நானு என்னதாம் பண்றது, நீங்களே சொல்லுங்க.